குப்பை வண்டி போன பிறகு: சென்னைத் திடக்கழிவு பற்றிக் கேள்வி பதில்

சென்னையின் குப்பை பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மற்றவை வந்தபடியே இருக்கின்றன. என் பிழைப்பு திடக்கழிவுதான். உரக்கூடம், குப்பைமேடு, குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று மூன்று இடத்திலும் நின்றிருக்கிறேன். மூன்றில் கடினமானது சங்கக் கூட்டம்.

வேளச்சேரியிலிருந்து: சார், வீட்டில் இரண்டு வாளி வைத்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒழுங்காகப் பிரித்துத்தான் கொடுக்கிறேன். வண்டியில் வருகிறவர் என் கண் முன்னாலேயே இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார். அப்புறம் நான் எதற்குப் பிரிக்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. கோபம் நியாயமானதே. ஆனால் ஒரு நாள் காலையில் அந்த வண்டி கூடவே தெருக்கோடி வரை நடந்து பாருங்கள். பத்து வீட்டில் மூன்று வீடு பிரித்துக் கொடுக்கும். மற்ற ஏழு வீட்டிலும் ஒரே கவரில் சாப்பாட்டு மிச்சம், ஷாம்பூ பாக்கெட், உடைந்த டம்ளர், குழந்தையின் டயப்பர் எல்லாம் கட்டி வந்து விழும். அதைப் பிரிப்பதென்றால் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா கவரைக் கிழித்துக் கையை விட்டுத்தான் பிரிக்க வேண்டும். அவருக்கு ஒதுக்கியிருப்பது சில நூறு வீடுகள். காம்பாக்டர் லாரி வந்து நிற்கும் முனைக்கு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மேஸ்திரியிடம் பேச்சு வாங்க வேண்டும். அவர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு அடுத்த வாசலில் விசில் ஊதுவார்.

காம்பாக்டர் என்பது குப்பையை அழுத்தி இடத்தை மிச்சப்படுத்தும் லாரி. அதன் வேலையே நசுக்குவது. சாம்பார் சாதமும் அட்டைப்பெட்டியும் அதற்குள் ஒன்றாகப் போனால் அட்டைக்கு விலை இல்லை, சாதம் உரத்துக்கு ஆகாது. ஈரக் காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். கண்ணாடிச் சில்லு கலந்த உரத்தை எந்த விவசாயியும் வாங்கமாட்டார். நகரத்தின் குப்பை கெட்டுப்போவது பெருங்குடிக் குப்பைமேட்டில் இல்லை, உங்கள் தெருமுனையில்தான். அதற்குப் பிறகு எத்தனை கோடிக்கு மெஷின் வாங்கி வைத்தாலும் அரைகுறையாகத்தான் பிரிக்க முடியும்.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மக்காத குப்பையைத் தினமும் கொடுக்காதீர்கள். பால் கவர், டப்பா எல்லாவற்றையும் ஒரு தடவை அலசி, ஒரு சாக்கில் போட்டு பால்கனியில் வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் நாறாது. தினமும் கொடுப்பது சமையலறைக் குப்பை மட்டும். கலக்க அவர் கையில் எதுவும் இருக்காது. சாக்கு நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள், அல்லது வண்டியில் வருகிற அந்த அம்மாவிடமே கொடுங்கள். அவர் அதை விற்று நாலு காசு பார்ப்பார், நீங்கள் கொடுக்கும் சாக்கைக் கலக்கவே மாட்டார்.

பெரம்பூர்: குப்பைக் கிடங்கை "பயோமைனிங்" செய்கிறோம் என்கிறார்கள். அதில் உண்மையில் என்னதான் நடக்கிறது? தோண்டி எடுத்ததை எங்கே கொண்டு போகிறார்கள்?

சென்னைக்கு இரண்டு குப்பைமேடுகள். வடபகுதி மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்கும், தென்பகுதிக் குப்பை பெருங்குடிக்கும் போகிறது. நகரம் முழுக்க நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல். பெருங்குடி மேடு சுமார் 225 ஏக்கர், கொடுங்கையூர் அதைவிடப் பெரியது. இரண்டிலும் பல பத்தாண்டுகளாகக் கொட்டியிருக்கிறோம். அடியில் தார்ப்பாயோ களிமண் அடுக்கோ எதுவும் கிடையாது, நேராகத் தரையில்தான். பெருங்குடி விஷயத்தில் அது வெறும் தரைகூட இல்லை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் கிடைத்தபோதும் அதன் ஓரத்தில் குப்பைமேடு நின்றுகொண்டுதான் இருந்தது.

பயோமைனிங் என்றால் இதுதான். பொக்லைனை வைத்து மேட்டை வெட்டி, நீளநீளமான வரப்புகளாகக் குவிப்பார்கள். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, அவ்வப்போது புரட்டிப் போடுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் உள்ளே மிச்சமிருந்த அழுகல் அடங்கி, ஈரம் வற்றி, பொலபொலவென்று உதிரும். அப்புறம் டிராமல் என்கிற சுழலும் உருளைச் சல்லடையில் ஏற்றுவார்கள். பெரிய கண், சின்னக் கண் என்று வரிசையாகச் சல்லடைகள். கடைசியில் விழுவது மண். நடுவில் கல், செங்கல் துண்டு, கண்ணாடி, தேங்காய் ஓடு. மேலே தங்குவது பிளாஸ்டிக் கவர், துணி, செருப்பு, டயர். இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

பழைய மேட்டிலிருந்து வரும் பால் கவரைத் தட்டிப் பார்த்தால் அச்சடித்த எழுத்தை இன்னும் படிக்கலாம். மெஷினுக்கு எமன் எது தெரியுமா? இரும்போ பாறையோ இல்லை, பழைய புடவை. உருளை சுற்றும்போது புடவை அச்சில் சுற்றிக்கொண்டு இறுகும். மெஷினை நிறுத்தி ஓர் ஆள் ஏறி கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். சில நாட்களில் சலித்த நேரத்தைவிட அறுத்த நேரம்தான் அதிகம்.

எங்கே போகிறது என்று கேட்டீர்கள். கவரும் துணியும் எரிபொருளாக சிமென்ட் ஆலைகளுக்குப் போகின்றன. கல்லும் மண்ணும் பள்ளம் நிரப்ப. இந்த மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பார்க்கக் கருப்பாக, அருமையான உரம் மாதிரி இருக்கும். பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா எல்லாம் ஊறிய இடத்திலிருந்து வந்தது அது. ஈயம் போன்ற கன உலோகங்களும் உப்பும் இருக்கக்கூடும். சோதிக்காமல் கீரைப் பாத்தியில் போடாதீர்கள்.

திட்டம் நல்ல திட்டம்தான். கும்பகோணத்தில் கரிக்குளம் கிடங்கை இப்படித்தான் சலித்தார்கள். மழைக்காலத்தில் வேலை படுத்துவிடும். ஈரக் குப்பை சல்லடையில் ஒட்டிக்கொண்டு கீழே விழாது. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே இன்னொரு பக்கம் புதுக் குப்பையைக் கொட்டுவது. அன்றாடக் கலப்புக் குப்பை நிற்காதவரை நூற்றுக்கணக்கான கோடி செலவழித்து இடம் காலி செய்வது, மறுபடி கொட்டுவதற்குத்தான்.

துரைப்பாக்கம்: 2022 ஏப்ரலில் பெருங்குடியில் தீப்பிடித்தபோது எங்கள் வீட்டுக்குள் நாள்கணக்கில் புகை. யாரோ வைத்த தீயா, தானாகப் பற்றியதா?

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே பற்றும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்றுப் புகாத இடத்தில் அழுகும் குப்பை மீத்தேன் என்ற எரியும் வாயுவை வெளியிடும். சதுப்பு நிலங்களில் பெரியவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பயந்ததும் இந்த மீத்தேனைத்தான். குப்பைமேட்டு வாயுவில் ஏறக்குறைய பாதி அதுதான். உள்ளே நுண்ணுயிர் வேலையால் சூடும் ஏறிக்கொண்டிருக்கும். கோடையில் மேல் அடுக்கு காய்ந்து, பிளவு விழுந்து, காற்று உள்ளே போனால் போதும்.

தண்ணீர் அடித்தால் மேலே அணையும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அதனால்தான் நாள்கணக்கில் ஆகிறது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் இதே கதை, பத்து நாளுக்கு மேல் புகைந்தது. 2024-ல் கோவை வெள்ளலூரில் இன்னொன்று. சரியான முறை, பொக்லைனால் பற்றிய பகுதியைச் சுற்றி வெட்டிப் பிரித்து, கிளறி நனைத்து, மேலே மண் போட்டு மூடுவது. புகையில் பிளாஸ்டிக், அதிலும் பி.வி.சி. எரியும்போது டையாக்சின் என்ற நச்சு வரும். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த நாட்களில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கொடுங்கையூர், கல்லூரி மாணவர்: அண்ணா, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை எங்கள் பகுதிக்கு வருகிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்க்கிறார்கள். சிங்கப்பூரில் அப்படித்தானே செய்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் கூடாது?

தம்பி, முதலில் கணக்கு. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்குப் பாதி சமையலறை மிச்சம். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றவே 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். தர்பூசணித் தோலை எரித்து மின்சாரம் எடுப்பது எவ்வளவு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள். 2016 திடக்கழிவு விதிகளே, மறுசுழற்சிக்கு ஆகாததாகவும் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாததாகவும் இருக்கும் கழிவைத்தான் எரிசக்திக்கு ஒதுக்கச் சொன்னது.

இதை நாம் பரிசோதித்தும் பார்த்துவிட்டோம். 1987-ல் டெல்லி திமார்பூரில் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில் நாளைக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். வந்து சேர்ந்த குப்பைக்கு எரிகிற குணமே போதவில்லை. சீக்கிரமே மூடினார்கள்.

சிங்கப்பூர் எரிக்கிறது, உண்மை. இடம் இல்லாத தீவு நாடு, வேறு வழியில்லை. புகைச் சுத்திகரிப்புக்கும் கண்காணிப்புக்கும் காசைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். அப்படியும் எரித்த சாம்பல் மிஞ்சும். அதைக் கடலில் செமாகாவ் தீவுக் கிடங்கில் போடுகிறார்கள். 1999-ல் திறந்த அந்தக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அவர்களே கவலைப்படுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: நன்றாகப் பிரித்து, விற்கக்கூடியதை விற்று, உரமாவதை உரமாக்கி, கடைசியில் மிஞ்சும் காய்ந்த கவர் துணியை எரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு சிமென்ட் சூளைகளே இருக்கின்றன. அங்கே சூடு அதிகம், சாம்பலும் சிமென்டோடு சேர்ந்துவிடும். ஆனால் ஆலை கட்டிவிட்டால் அதற்கு தினமும் இவ்வளவு டன் தீனி போட்டே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் வரும். அப்போது அட்டையும் பாட்டிலும்கூட உலைக்குத்தான் போகும், பிரிப்பதற்கு யாருக்கும் அவசியம் இருக்காது. அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத்தொழிற்சாலை என்று எல்லாப் புகையையும் ஏற்கெனவே வடசென்னை வாங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் எதிர்ப்பது எனக்குப் புரிகிறது.

மேடவாக்கம், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்: 180 வீடுகள். நீங்கள் அதிகக் குப்பை உண்டாக்குபவர், நீங்களே பதப்படுத்துங்கள் என்கிறார்கள். ஒரு கம்பெனிக்காரர் வந்து, 24 மணி நேரத்தில் குப்பையை உரமாக்கும் மெஷின் என்று விலை சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

திடக்கழிவு விதிப்படி நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் அதிகக் குப்பை உண்டாக்குபவர் கணக்கில் வரும். நாலு பேர் குடும்பத்துக்கு சுமாராக இரண்டு கிலோ என்று வைத்தால் உங்கள் வளாகத்தில் 360 கிலோ. அதில் சமையலறைக் குப்பை 180 கிலோ. ஆக நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள்.

24 மணி நேரத்தில் உரம் ஆகாது. அந்த மாதிரி மெஷின்கள் பெரும்பாலும் செய்வது குப்பையை அரைத்து, ஹீட்டர் போட்டு, உலர்த்துவது. வெளியே வருவது காய்ந்த காப்பித்தூள் மாதிரி அழகாக இருக்கும். அதில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தண்ணீர் தெளித்து, மூடி போட்ட டப்பாவில் மூன்று நாள் வையுங்கள். நாறினால் அது உரமில்லை, காய்ந்த குப்பை. இந்தச் சோதனையை விற்பனையாளர் எதிரிலேயே தொடங்குங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். மாதாமாதம் வரும் கரண்ட் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

மக்குவதை நுண்ணுயிர் செய்ய வேண்டும், அதற்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். குறுக்கு வழி இல்லை. அதற்குத் தேவையானது விலை உயர்ந்த மெஷின் இல்லை. காற்றுப் போகும் தொட்டிகளும், காய்ந்த சருகும், அக்கறையுள்ள ஓர் ஆளும்தான். சமையலறைக் குப்பையில் நைட்ரஜன் அதிகம், கார்பன் குறைவு. கார்பன் 25, 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு இருந்தால்தான் மேடு ஒழுங்காகச் சூடேறும். அந்தக் கார்பனுக்குத்தான் காய்ந்த இலை, மரத்தூள், தென்னை நார்க் கழிவு. ஒரு வாளி குப்பைக்கு ஒரு வாளிக்குக் குறையாமல் சருகு. உங்கள் வளாகத்தில் பெருக்கி வெளியே எறியும் இலை எல்லாம் உள்ளே வர வேண்டிய சரக்கு.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சூடு பார்க்க, ஒரு கடப்பாரையை மேட்டுக்குள் செருகிக் கால்மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் 55, 60 டிகிரிக்கு வந்துவிட்டது, கிருமியும் களை விதையும் செத்துவிடும். சூடே இல்லையென்றால் புரட்டிப் போடுங்கள். போட்ட எடையில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு உரமாக வரும்.

இன்னொன்று. இதைச் செய்யப் போகிற ஹவுஸ்கீப்பிங் ஆளுக்குத் தனியாகச் சம்பளம் போடுங்கள், கையுறை, பூட்ஸ், குளிக்க ஒரு குழாயடி கொடுங்கள். "இருக்கிற வேலையோடு இதையும் பார்த்துக்கோ" என்று தலையில் கட்டிய இடங்களில் எல்லாம் மூன்றாவது மாதம் தொட்டிக்குள் பழைய மெத்தை கிடக்கும்.

அம்பத்தூர், இல்லத்தரசி: மொட்டை மாடியில் உரத்தொட்டி வைத்தேன். வெள்ளையாகப் பெரிய பெரிய புழுக்கள். மாமியார் தூக்கி எறியச் சொல்கிறார். என்ன செய்வது?

எறியாதீர்கள் அம்மா. கருப்பு நிறச் சிப்பாய் ஈயின் புழுவாக இருக்கும். அது குப்பையை வெகு வேகமாகத் தின்று முடிக்கும், கடிக்காது. இந்தப் புழுவையே வளர்த்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக விற்பவர்கள் உண்டு. தொட்டியில் ஈரம் அதிகம் என்பதற்கு அது அடையாளம். இரண்டு கை சருகோ கிழித்த அட்டையோ போட்டுக் கிளறி, மேலே ஒரு அடுக்கு சருகு மூடிவிடுங்கள். மோர்க் குழம்பு, கறித்துண்டு போடுவதை நிறுத்துங்கள். மாமியாருக்கு மூடி போட்ட தொட்டியைக் காட்டுங்கள், திறந்து காட்டாதீர்கள்.

திருவான்மியூர்: நாப்கின், டயப்பர் எல்லாம் எதில் போடுவது? யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

மக்குவதிலும் இல்லை, மக்காததிலும் இல்லை, தனியாக. செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளியோ பெருக்கல் குறியோ போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டால் அடுத்து எடுப்பவர் உள்ளே என்னவென்று பிரித்துப் பார்ப்பார். ரேசர் பிளேடு, உடைந்த கண்ணாடி, சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் ஊசி ஆகியவற்றையும் இப்படித் தனியே கொடுக்க வேண்டும். ஊசியை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடியில் டேப் ஒட்டி, "ஊசி" என்று எழுதிக் கொடுங்கள். குத்தி வாங்குவது எப்போதும் தூய்மைப் பணியாளரின் கைதான், கையுறை இருந்தாலும்.

ராயபுரம்: 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். தனியாருக்குக் கொடுத்தால் வேலை நன்றாக நடக்கும்தானே, எதற்கு இந்த எதிர்ப்பு?

ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் வேலையை ஒப்பந்தத்துக்கு விடுவதை எதிர்த்து உட்கார்ந்தார்கள். பல வருடமாக மாநகராட்சிக்கு வேலை பார்த்தவர்கள். நிரந்தரம் கேட்டவர்களுக்கு, கம்பெனியில் போய்ச் சேருங்கள், சம்பளமும் குறையும் என்றால் யார்தான் எழுந்து போவார்கள்? கடைசியில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

தனியார் நல்லதா கெட்டதா என்பது பாதிக் கேள்விதான். சென்னையில் 2000-லேயே ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி வந்துவிட்டது, நகரத்துக்கு இது புதுசும் இல்லை. ஒப்பந்தத்தில் எதற்குக் காசு என்று பாருங்கள். டன்னுக்கு இவ்வளவு என்றால் எடை கூடினால் வருமானம். பிரித்தால் எடை குறையும், உரமாக்கினால் எடை குறையும், மக்கள் குறைவாகக் குப்பை போட்டால் எடை குறையும். கட்டட இடிபாடும் மண்ணும் கலந்தாலோ எடைமேடையில் முள் ஜோராக ஏறும். இப்படி ஒப்பந்தம் எழுதிவிட்டு, கம்பெனி ஏன் பிரிக்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. சென்னையில் 2020-க்குப் பின் வந்த ஒப்பந்தங்களில் எடையை விட்டுவிட்டு, வேலையின் தரத்தை அளந்து காசு கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். திசை சரி. ஆனால் அந்த அளவுகோல்களில் "தெரு சுத்தமாகத் தெரிகிறதா" என்பதற்கு எத்தனை மதிப்பெண், "பிரித்த குப்பை பிரித்தபடியே போய்ச் சேர்ந்ததா" என்பதற்கு எத்தனை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கத் தகுந்த கேள்வி இது.

தாம்பரம்: காயலான் கடைக்காரர்களும் குப்பை பொறுக்குபவர்களும் இல்லாவிட்டால் நகரம் நாறிப்போகும் என்கிறார்களே, மிகையா?

கொஞ்சமும் மிகையில்லை. மாநகராட்சிக் கணக்கில் வராமலேயே எத்தனையோ டன் அவர்கள் கையால் கிடங்குக்குப் போகாமல் நிற்கிறது. அதற்காக அவர்களுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, விற்ற காசுதான் கூலி. அந்தக் கடையில் அரை நாள் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் பற்றிய படிப்பே முடிந்துவிடும். தண்ணீர் பாட்டில் தனி மூட்டை, அது நூலாகிப் போகும். பாட்டில் மூடி தனி. பால் கவர் தனி, அலசியிருந்தால் ஒரு விலை, பால் வாடை இருந்தால் இன்னொரு விலை. உடைந்த வாளி, நாற்காலி இன்னொரு மூட்டை. கடைக்கார அம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்து வளைத்து, சத்தம் கேட்டு, சந்தேகம் வந்தால் கொளுத்தி மோந்து பார்த்து, எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் யாரும் வாங்கமாட்டார்கள். பளபளவென்று உள்ளே வெள்ளித் தகடு மாதிரி இருக்கிறதே, அது பல அடுக்குகளை ஒட்டியது, பிரிக்க வழியில்லை. தெருவில் கடைசிவரை கிடப்பது அதனால்தான் ஷாம்பூ சாஷேயும் சிப்ஸ் கவரும்.

புனேயில் குப்பை பொறுக்கிய பெண்களே சேர்ந்து "ஸ்வச்" என்ற கூட்டுறவு அமைப்பாகி, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாக எடுக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள், விற்கக் கூடியதை அவர்களே விற்றுக்கொள்கிறார்கள். பிரித்தால் அவர்களுக்குக் காசு, அதனால் பிரிக்கிறார்கள். மேலே எடைக்குக் காசு பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மயிலாப்பூர்: 2019-லேயே பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள். இன்னும் கடையில் கவர் கிடைக்கிறதே?

ஜனவரி 1, 2019 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. பூக்காரம்மாவிடம் அபராதம் போடுவது சுலபம், தயாரிக்கும் இடத்தைப் பூட்டுவது கஷ்டம். அவ்வளவுதான் விஷயம். மஞ்சப்பை எடுத்துப் போங்கள்.

அண்ணா நகர்: சுத்தமான நகரம் என்று பேர் எடுக்க இந்தூரால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை? நாம் ஒழுங்கு இல்லாதவர்களா?

இந்தூர்க்காரர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கே தெருவில் இருந்த குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். வண்டியிலேயே தனித்தனி அறை, கலந்து கொடுத்தால் வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள், அதை விடாமல் செய்தார்கள். 2022-ல் அங்கே நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை திறந்தபோது அதற்குச் சுத்தமான தீனி தயாராக இருந்தது. நம் ஊரில் வரிசை தலைகீழ். முதலில் ஆலைக்கு டெண்டர், அப்புறம் அதற்கேற்ற குப்பையைத் தேடுவோம். சேத்துப்பட்டில் இருப்பது போன்ற எரிவாயு ஆலைகள் ஓட்டலிலிருந்தும் மார்க்கெட்டிலிருந்தும் வரும் சுத்தமான ஈரக் குப்பையைக் கொடுத்தால் நன்றாகவே ஓடக்கூடியவை. வீட்டுக் கலப்புக் குப்பையைப் போட்டால் கவர் பம்பில் அடைத்துக்கொள்ளும். இந்தூர் சென்னையை விடச் சின்ன ஊர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சென்னையின் ஒரு மண்டலம் இந்தூரை விடச் சின்னது, ஒரு மண்டலத்தில் தொடங்கலாமே.

கொழும்பு: 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து எங்கள் ஊரில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னை மேடுகளும் அப்படிச் சரியுமா?

குப்பைமேடு சரிவது அங்கே மட்டும் நடந்ததில்லை. 2000 ஜூலையில் மணிலாவின் பயாட்டாஸில் 200-க்கும் மேற்பட்டோர், 2005-ல் இந்தோனேசியாவின் லெயுவிகஜாவில் 140 பேருக்கு மேல், 2017-லேயே டெல்லி காஜிப்பூரிலும் சரிந்தது. பெரும்பாலும் ஒரே காரணங்கள்தான்: செங்குத்தான உயரம், உள்ளே தேங்கிய மழைநீர், அடிவாரத்தில் வீடுகள். மீதொட்டமுல்லையில் மூன்றும் சேர்ந்திருந்தன. சென்னையில் இடம் அகலம், அதனால் மேடு பரந்து கிடக்கிறது, அந்த அளவு செங்குத்து இல்லை. அபாயம் குறைவு என்பேன், இல்லை என்று சொல்லமாட்டேன். பயோமைனிங்கில் வெட்டும்போது ஒரு பக்கத்தைச் சுவர் மாதிரி நிறுத்திவிட்டு மழையில் விட்டால் எங்கேயும் சரியும். சரிவாகப் படி படியாக வெட்ட வேண்டும், கழிவுநீர் வெளியேற வாய்க்கால் வேண்டும்.

கே.கே. நகர்: தெருவைப் பெருக்குகிறவர்கள் இலைச் சருகைக் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். இலைதானே என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதற்கு விதிப்படியே தடை உண்டு. சருகோடு கவரும் சேர்ந்துதான் எரிகிறது, அந்தப் புகை முதலில் கொளுத்துகிறவரின் மூக்கில்தான் ஏறுகிறது. அவரைத் திட்டிப் பயனில்லை. சருகை ஏற்றிப் போக வண்டி வராது, குவியல் கிடந்தால் அவருக்கு மெமோ. நான்கு காலிச் சாக்கைக் கொடுத்து அதில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உரம் போடும் அடுக்குமாடி எதுவாவது இருந்தால் செயலாளருக்கு ஒரு போன் செய்யுங்கள். சருகு கிடைக்காமல் காசு கொடுத்து மரத்தூள் வாங்குகிறவர்கள் அவர்கள், ஆட்டோ வைத்து வந்து எடுத்துப் போவார்கள்.